தீவிர சிகிச்சை மருத்துவ மேற்படிப்பு: பணியிலிருக்கும் மருத்துவருக்கு ஓர் அறிமுகம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றும் இளம் மருத்துவர்கள் மேற்படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இதயம், சிறுநீரகம், நரம்பு என்று நீளும் பட்டியலில் இப்போது தீவிர சிகிச்சை மருத்துவத்தின் பெயரும் வந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் வென்டிலேட்டர் என்ற சொல் வீடுதோறும் தெரிந்துவிட்டது என்றாலும், அந்தத் துறையில் என்னதான் படிக்கிறார்கள், யார் படிக்கலாம், வேலையில் இருந்துகொண்டே படிக்க வழி உண்டா என்ற கேள்விகளுக்கு மருத்துவர்களிடையேகூடத் தெளிவான விடை இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விகளை அடிப்படையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஒரு நோயாளியின் சுவாசம், இரத்த ஓட்டம், சிறுநீரகம், மூளை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ உயிருக்கு ஆபத்து வரும் அளவில் தளர்ந்துவிட்டால், நோயின் மூலகாரணம் தீரும்வரை அந்த உறுப்புகளின் வேலையைத் தாங்கிப்பிடித்து, தாங்கிப்பிடிப்பதால் புதிய கெடுதல் நேராமலும் பார்த்துக்கொள்ளும் மருத்துவமே தீவிர சிகிச்சை மருத்துவம். இந்த வரையறையின் பின்பாதியைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தப் பின்பாதிக்காகத்தான் தனியாக ஒரு மேற்படிப்பு தேவைப்படுகிறது.

நம் பகுதியில் எல்லோரும் அறிந்த கட்டுவிரியன் கடியையே எடுத்துக்கொள்வோம். தரையில் படுத்து உறங்குபவரை இரவில் கடிக்கும் இந்தப் பாம்பு, பெரும்பாலும் வீக்கமோ பல் தடமோ விட்டுச் செல்வதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குச் சற்று நேரத்தில் இமைகள் தாழ்கின்றன, பேச்சு குழறுகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, பிறகு மூச்சு நின்றுபோகிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால், அந்தச் சிதைவு நடந்து முடிந்த பிறகு கொடுக்கும் நஞ்சுமுறி மருந்து, செயலிழந்த தசைகளை உடனே எழுப்பிவிடாது. நரம்பு முனைகள் புதிதாக வளரும் வரை, அது சில நாட்களோ சில வாரங்களோ, செயற்கை சுவாசமே சிகிச்சை. அவ்வளவு நாளும் கண் திறக்காமல், கைவிரலை அசைக்காமல், கண்மணிகூட ஒளிக்குச் சுருங்காமல் கிடக்கும் அந்த நோயாளி மூளைச்சாவு அடைந்தவர்போலத் தோன்றுவார். உண்மையில் அவருடைய மூளை விழித்திருக்கக்கூடும். படுக்கையருகே நின்று பேசுவதெல்லாம் அவர் காதில் விழக்கூடும். பயிற்சி பெற்ற மருத்துவர் இதை அறிந்திருப்பதால், முடிவுகட்ட அவசரப்படமாட்டார். மயக்கமருந்தும் வலிமருந்தும் தருவார். கண் உலராமல் இமைகளை மூடி ஒட்டச்செய்வார். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிவிட்டே ஊசி போடுவார். வென்டிலேட்டரால் நுரையீரல் தொற்று, அசையாமல் கிடப்பதால் படுக்கைப்புண், கால் சிரையில் இரத்தக்கட்டி என்று வரிசையில் காத்திருக்கும் சிக்கல்கள் ஒவ்வொன்றையும் நாள்தோறும் தடுப்பார். கடித்த பாம்பினால் போகாத உயிர் இவற்றில் ஏதேனும் ஒன்றால் போய்விடலாம் என்பதே இத்துறையின் முதல் பாடம்.

இத்துறை பிறந்த கதையும் ஏறத்தாழ இதே நிலைமையில்தான் தொடங்குகிறது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் சுவாசத் தசைகள் செயலிழந்து சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கவியல் மருத்துவரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, அறுவைக்கூடத்தில் தாம் வழக்கமாகச் செய்வதுபோல ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்றார். ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அதே நகரில் இப்சன் தொடங்கிய பிரிவையே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவாகப் பலரும் கருதுகிறார்கள். பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ மூச்சுத் தளர்ந்த நோயாளியை ஏற்றிவரும் 108 ஆம்புலன்ஸில் உதவியாளர் வழிநெடுக அழுத்திக்கொண்டு வரும் ஆம்பு பையும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

படிப்பில் என்ன சொல்லித்தரப்படுகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் காட்டினால் எளிதில் விளங்கும். நுரையீரல் கடுமையாக அழன்று நீர் கோத்த ஒருவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று செலுத்த வேண்டும்? முன்பு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை செலுத்துவது வழக்கமாக இருந்தது. 2000இல் வெளியான, 861 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று, கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறக்க, 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரே இறந்தனர் என்று காட்டியது. அதிகக் காற்று, எஞ்சியிருந்த நல்ல நுரையீரலையும் கிழித்துக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இங்கே கிலோ என்பது கட்டிலில் கிடப்பவரின் எடை அன்று. உயரத்திலிருந்து கணக்கிடப்படும் எடை. ஆணுக்கு, சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 50க்குப் பதில் 45.5. எனவே 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆண் 85 கிலோ எடை இருந்தாலும் அவருடைய கணக்கு எடை 61.5 கிலோதான், அவருக்கு ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மில்லிலிட்டர் போதும். எடைபோடும் இயந்திரத்தில் காணும் 85ஐ நம்பி அதே கணக்கைப் போட்டால் 510 வரும். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. கட்டிலருகே ஓர் அளவு நாடா இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று ஓரளவு ஊகித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இதுபோன்ற நூற்றுக்கணக்கான முடிவுகளைச் சரியாக எடுக்கும் பழக்கமே பாடத்திட்டத்தின் உள்ளடக்கம். கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி உறுப்புகள் தளரும் செப்சிஸில் எவ்வளவு திரவம், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் எப்போது. சிறுநீரகம் நின்றவருக்கு எப்போது டயாலிசிஸ். தலைக்காயத்தில் மூளையின் அழுத்தத்தைக் குறைப்பது எப்படி. எக்கோ கருவியைத் தாமே படுக்கையருகே வைத்து இதயத்தைப் பார்ப்பது எப்படி. எந்த ஆன்டிபயாடிக்கை எந்நாளில் நிறுத்துவது என்று அது விரிகிறது. பூச்சிமருந்து குடித்தவர்கள் நம் இரு மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்கும் அந்நியர் அல்லர். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சில், நெஞ்சில் சளியொலி அடங்கும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அட்ரோபின் அளவை இரட்டிப்பாக்கிக் கொடுப்பது பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் தெளிந்து உட்கார்ந்து காப்பி குடித்த நோயாளி, ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் திடீரென மூச்சு முட்டிப் போகக்கூடும். 1987இல் இலங்கை மருத்துவர்கள் பெயரிட்டு விவரித்த இந்த நிலையின் முன்னறிவிப்பு மிக எளியது: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் நோயாளியால் முடியாது. காலை ரவுண்ட்ஸில் தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பாடத்தின் மற்றொரு பகுதி நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசுவது. தேறுவதற்கு வழியில்லாத நிலையில் இயந்திரங்களை எதுவரை தொடர்வது என்பது மருத்துவக் கேள்வி மட்டும் அன்று. 2018இல் உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறக்கும் உரிமையை ஏற்று, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு வழிவகுத்தது. அந்த நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. கூட வந்தவர்களிடம் ஒவ்வொரு நாளும் ஒரே மருத்துவர் உட்கார்ந்து பேசுவது, நிலத்தை விற்றுப் பணம் கட்டுகிற குடும்பத்திடம் உண்மையை மழுப்பாமல் சொல்வது ஆகியவை புத்தகத்தில் இல்லை. மூத்தவர் பேசும்போது உடனிருந்து கேட்டுத்தான் வர வேண்டும்.

அவசர மருத்துவம், மயக்கவியல் ஆகியவற்றோடு இத்துறையைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். தொப்பூர் கணவாயில் லாரி மோதி வந்தவரை முதல் மணிநேரத்தில் நிலைப்படுத்துவது அவசர மருத்துவரின் பணி. அறுவைச் சிகிச்சை முடியும்வரை காப்பது மயக்கவியல் மருத்துவரின் பணி. அதன்பின் வரும் இரண்டு வாரங்கள் தீவிர சிகிச்சை மருத்துவருடையவை. சிறிய ஊர்களில் மூன்றையும் ஒருவரே செய்வதும் உண்டு.

இனி படிப்பு வழிகள். இந்தியாவில் முழுமையான தகுதியாகக் கொள்ளப்படுபவை இரண்டு: பல்கலைக்கழகம் வழங்கும் டி.எம். பட்டமும், தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.ஆர்.என்.பி. தகுதியும். இரண்டும் மூன்றாண்டுகள். இரண்டுக்கும் எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது, பொது மருத்துவம், மயக்கவியல், நுரையீரல் மருத்துவம், அவசர மருத்துவம் போன்ற துறையொன்றில் எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைக்குக் குழந்தை மருத்துவம் படித்தவர்களுக்கென்று தனி டி.எம். இருக்கிறது. நுழைவுத் தேர்வு, உயர்சிறப்புப் படிப்புகள் எனப்படும் இத்தகைய படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ்.; தேர்வர் தாம் எம்.டி.யில் படித்த துறை சார்ந்த தொகுதியின் வினாத்தாளையே எழுதுகிறார் என்பதால், ஐ.சி.யூ.வில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தோம் என்பதைவிட அடிப்படைத் துறைப் பாடங்களை மீண்டும் புரட்டுவதே மதிப்பெண்ணுக்கு உதவும். நம் பகுதிக்கு அருகில் என்று பார்த்தால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்த டி.எம். இருக்கிறது.

இந்தப் படிப்புகள் முழுநேரப் படிப்புகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பவர் அந்த மருத்துவமனையின் உறைவிட மருத்துவர். உதவித்தொகை கிடைக்கும், இரவுப்பணியும் சேர்ந்தே கிடைக்கும். பகலில் ஓசூரில் ஒரு மருத்துவமனையில் வேலை, மாலையில் டி.எம். என்று ஒன்று கிடையாது. பணியிலிருக்கும் மருத்துவர் என்ற நிலையைப் பேணிக்கொண்டே இதைப் படிக்கக்கூடியவர் அரசு மருத்துவரே. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர்சிறப்புப் படிப்பு இடங்களில் 50 விழுக்காட்டை அரசுப் பணியிலிருப்பவர்களுக்கு ஒதுக்கி 2020 நவம்பரில் மாநில அரசு ஆணையிட்டது. வழக்குகளுக்குப் பின் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த வழிவிட்டது. எம்.டி., எம்.எஸ். படிப்புகளில் அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டிலேயே அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருந்தது. ஒதுக்கீட்டில் சேர்பவர் படிப்புக்குப் பின் அரசுப் பணியில் தொடர ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். அதன் காலமும் பிணைத்தொகையும் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். கலந்தாய்வு அரங்கில் உட்கார்ந்து அதை முதன்முறையாகப் படிப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது!

இரண்டாவது வழி, 1993இல் தொடங்கப்பட்ட இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் நடத்தும் பயிற்சிகள். இவற்றில் பலரும் அறிந்தது ஐ.டி.சி.சி.எம். எனப்படும் பட்டயம். எம்.டி. முடித்தவர், சங்கம் அங்கீகரித்த ஒரு பிரிவில் ஓராண்டு பயிற்சி பெற்றுத் தேர்வெழுதலாம். பெரும்பாலும் அந்த மருத்துவமனையிலேயே சம்பளத்துக்குப் பணியாற்றியபடி பயிற்சி நடப்பதால், வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உள்ளவர்களுக்கு இது ஏற்புடையதாக இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர்களுக்கும் சங்கம் ஒரு சான்றிதழ்ப் பயிற்சி வைத்திருக்கிறது. ஆனால் இவை தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் கூடுதல் தகுதியாக ஏறும் பட்டங்கள் அல்ல. தனியார் மருத்துவமனைகள் மதிக்கின்றன, மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பணிக்கு இவற்றை மட்டும் காட்டிச் செல்ல முடியாது. ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் நடத்தும் எடிக் என்ற பட்டயத் தேர்வையும் இந்திய மருத்துவர்கள் பலர் எழுதுகிறார்கள். அது ஒருவரின் அறிவை அளக்கும் தேர்வு, பயிற்சி தரும் இடம் அன்று.

மூன்றாவதாக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையவழியில் நடத்தும் முதுநிலைப் படிப்புகளும், விளம்பரங்களில் வரும் வார இறுதிச் சான்றிதழ்களும். முன்னவை ஆய்வுக் கட்டுரையைக் குறைகண்டு படிக்கவும், தம் பிரிவின் இறப்பு விவரங்களை முறையாகத் தொகுக்கவும் கற்றுத்தருகின்றன, ஏற்கெனவே ஐ.சி.யூ.வை நடத்திக்கொண்டிருப்பவருக்கு அவற்றால் பயன் உண்டு. பின்னவற்றில் பெரும்பாலானவற்றைப் பணம் கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டலாம். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதையும், கழுத்துச் சிரையில் வழி போடுவதையும் திரையில் பார்த்துக் கற்பது, கிணற்றுமேட்டில் நின்று நீச்சல் கற்பது போன்றதுதான்.

அப்படியானால் யார் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.பி.பி.எஸ். தகுதியோடு பணியாற்றும் மருத்துவர், தீவிர சிகிச்சையே தம் துறை என்று முடிவு செய்தாலும், முதலில் எம்.டி. படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதி மயக்கவியலோ பொது மருத்துவமோ படிப்பதுதான் நேர்வழி என்று நான் கருதுகிறேன். அந்த அடிப்படை இல்லாமல் ஐ.சி.யூ. சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள் எத்தனை ஆண்டுகளானாலும் டியூட்டி டாக்டராகவே நின்றுவிடுவதை மாவட்டத் தலைநகர்களில் காண்கிறோம். அவர்களுடைய திறமையில் குறையில்லை, தாளில்தான் குறை. எம்.டி. முடித்த, நாற்பதை நெருங்கும், தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. பொறுப்பை ஏற்கெனவே சுமப்பவருக்கு ஐ.டி.சி.சி.எம். பொருந்தும். எம்.டி.யை இப்போதுதான் முடித்த இளையவரும், ஒதுக்கீட்டில் இடம்பெறக்கூடிய அரசு மருத்துவரும் மூன்றாண்டுகளைக் கொடுத்து டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. படித்துவிடுவதே நல்லது. தருமபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குவதால், படித்து முடித்துத் திரும்பி வருபவருக்குச் சொந்த மாவட்டத்திலேயே வேலையும் மாணவர்களும் இருக்க வாய்ப்புண்டு. முன்பெல்லாம் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவைப்பதே சிகிச்சையாக இருந்த ஊர்கள் இவை.

பயிற்சிக்கு இடம் தேடும்போது மருத்துவமனையின் பெயரைக் கொண்டு மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஐ.சி.யூ.க்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஒவ்வொரு நோயாளியையும் அவரவர் மருத்துவரே வெளியிலிருந்து வந்து பார்த்து மருந்தெழுதுவார். பயிற்சி மருத்துவர் சொன்னதைச் செய்வார். மற்றொன்றில், தீவிர சிகிச்சைக் குழுவே முழுப் பொறுப்பேற்று, பிற துறையினரிடம் ஆலோசனை பெறும். கற்றுக்கொள்ள வேண்டுமானால் இரண்டாவது வகையே ஏற்றது. அங்கே தற்போது படித்துக்கொண்டிருப்பவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச்சென்று, மூத்த மருத்துவர் இரவில் அழைத்தால் வருகிறாரா, இறந்த நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துவைத்து மாதந்தோறும் விவாதிக்கிறார்களா, லாக் புக்கில் எழுதும் செயல்முறைகளை உண்மையிலேயே அவர் கையால் செய்யவிடுகிறார்களா என்று கேட்பது, இணையதளத்தைப் பத்து முறை பார்ப்பதைவிட மேலானது. கிடைக்கும் விடைகள் திருப்தி தராவிட்டால், பெரிய ஊரின் பெரிய பெயரை விட்டுவிட்டு, படுக்கைகள் குறைவாக இருந்தாலும் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் ஆசிரியர் இருக்கும் பிரிவில் சேர்வதில் இழப்பொன்றுமில்லை.

இடம் கிடைக்கும்வரை தற்போதைய பணியிடத்திலேயே தொடங்கக்கூடியவையும் உண்டு. பாம்புக்கடி என்று வருபவர் ஒவ்வொருவருக்கும் 2 மில்லிலிட்டர் இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்த்து, உறைந்ததா இல்லையா என்று நேரத்தோடு குறிப்பது கண்ணாடி விரியன் கடியைக் கண்டுகொள்ள உதவும் சோதனை. அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் கொடுத்த மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றை எழுதி அனுப்புவதும், அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்று மறுநாள் தொலைபேசியில் கேட்டறிவதும் அதே வகைப் பழக்கங்கள். டி.எம். முதலாண்டில் சேர்ந்தவுடன் கேட்கப்படுவதும் பெரும்பாலும் இவைதான்: எந்த நேரத்தில் என்ன கொடுத்தீர்கள், அதன்பின் நோயாளியிடம் என்ன மாற்றம் தெரிந்தது, அதைப் பார்த்து நீங்கள் எதை மாற்றினீர்கள்.